பச்சை டிக்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று மத்தியானம் சின்னவள் வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டபோது சூடான காது, இதை எழுதும்போதும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

சின்னவள் என் ஓரகத்தி, என் கணவரின் தம்பி மனைவி. ஒரே வீட்டில் அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. ஒரு டயாலிசிஸ் மையத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அடுத்த முறை எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு என்று ஒதுக்கிக் கொடுப்பது அவள் வேலை. நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டேட்டாபேஸைக் கட்டிக்கொண்டு அழுகிறவள். என் வேலைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'பொட்டி தட்டறது'. மொட்டைமாடிக் கொடியில் யார் துணியை யார் தள்ளிவிட்டார்கள் என்ற மகா யுத்தத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தோம். அண்ணனும் தம்பியும் அதில் தலையிடவில்லை. அவர்கள் இருவருக்கும் சேர்த்து இருக்கிற ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

அன்று நான் தலைவலி என்று லீவு போட்டிருந்தேன். வாசல் கதவு படாரென்று திறந்தது. சின்னவள் உள்ளே வந்து, மாடிக்குப் போகாமல், படியிலேயே உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, எங்க சென்டர்ல ஓடறது உங்க கம்பெனி சாஃப்ட்வேர்தானே?"

பேச்சை நிறுத்தியதெல்லாம் எனக்கு மறந்தே போனது. "ஆமா. ஏன்?"

"பச்சை டிக் வந்தா நோயாளிக்குச் சீட்டு போட்டாச்சுன்னுதானே அர்த்தம்?"

"ஆமா."

"அப்ப என்னை எதுக்கு வெளிய தொரத்தினாங்க?"

அழுகையும் ஆத்திரமுமாக அவள் சொன்னதைக் கோத்து வைத்தால் இவ்வளவுதான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறவர். அவருக்கு அடுத்த முறைக்கான நாற்காலியைச் சின்னவள் போட்டாள். திரையில் பச்சை டிக் வந்தது. நேரத்தைச் சொல்லி அனுப்பினாள். அவரும் சொன்ன நேரத்துக்கு வந்தார். உள்ளே நர்ஸ் கையில் இருந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிறுநீர் போகாத உடம்பு நாளைக்கு என்றால் கேட்குமா? நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, மனுஷன் பிழைத்துக்கொண்டார்.

காலையில் அவர் மனைவி மையத்துக்கு வந்து கத்தியிருக்கிறாள். கத்தாமல் என்ன செய்வாள்? கத்தலைக் கேட்டு மையத்தின் டைரக்டர் கூடத்துக்கு வந்தார். அங்கே காத்திருந்த நோயாளிகள், கூட வந்தவர்கள், தரை துடைக்கிறவர் வரை எல்லோர் முன்னாலும் சின்னவளைக் கை நீட்டிச் சொல்லியிருக்கிறார்: "இந்தப் பொண்ணு ஃபோனை நோண்டிக்கிட்டு உக்காந்திருந்ததால ஒரு உயிர் போகப் பாத்துச்சு." சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போ, புதன்கிழமை விசாரணை, சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் வந்து நிரூபிப்பார்கள், அதோடு உன் கணக்கு முடிந்தது என்றாராம்.

"நீ சரியா அழுத்தினியா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

சின்னவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்களுமா அக்கா? நான் அழுத்தினேன். டிக் வந்துச்சு. காலையிலேர்ந்து இதையேதான் சொல்றேன். ஒரு ஆளு காதுல வாங்கல."

எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். வேலை போவதைக்கூட அவள் தாங்குவாள். ஒரு மனுஷனைச் சாகப் பார்த்தவள் என்ற பெயரை எங்கே கொண்டுபோய்க் கழுவுவாள்? அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் எங்கள் பேட்டைக்காரர்கள்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போனதும் காபியைக்கூடத் தொடாமல் அந்த சாஃப்ட்வேரின் கோடை, அதாவது புரோகிராம் வரிகளை, திறந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டேட்டாபேஸுக்குள்ளேயே சில வேலைகளை எழுதிப் பத்திரமாக வைத்திருப்போம். ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்று பெயர். நாற்காலி ஒதுக்க அப்படி ஒன்று உண்டு, எழுதியது நான். சின்னவள் பார்க்கிற திரைக்குப் பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் தானாக டேட்டாபேஸில் கை வைக்கக் கூடாது. இந்த நோயாளி, இந்த நாள், இந்த நாற்காலி என்று சொல்லி ப்ரொசீஜரைக் கூப்பிட வேண்டும். அது நாற்காலி காலியா, மெஷின் ஓடுகிறதா, நோயாளியின் ரத்தப் பரிசோதனை காலாவதியாகாமல் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒரு எண்ணைப் பதிலாகத் தரும். பூஜ்யம் என்றால் ஒதுக்கியாயிற்று. வேறு எண் வந்தால் மாட்டேன் என்று அர்த்தம். எந்த எண் என்பதுதான் காரணம். அது கத்தாது, மேசையைத் தட்டாது. பதிலை நீட்டிவிட்டு நிற்கும். அதை வாங்கிப் பார்ப்பது கூப்பிட்டவன் பொறுப்பு. எங்கள் கம்பெனியில் ஆதி நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

பழைய அப்ளிகேஷன் ஒழுங்காக வாங்கிப் பார்த்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார் எங்கள் மேனேஜர். 'வேகம்' என்று அவருக்குப் பெயர், நாங்கள் வைத்தது. எதைக் கேட்டாலும் 'ஒரே வாரத்துல முடிச்சிடலாம்' என்பார், முடித்தும் விடுவார், அதற்குப் பிறகு ஒரு வருஷம் நாங்கள் அள்ளிக்கொண்டிருப்போம். புதிய கோடு ப்ரொசீஜரைக் கூப்பிடுகிறது. கூப்பிட்ட இடத்தில் ஏதும் வெடித்து விழவில்லையென்றால் பச்சை டிக் போட்டுவிடுகிறது. பதிலாக வருகிற எண்ணை வாங்கிக்கொள்ள ஒரு வரிகூட இல்லை. சமையலறைப் பக்கம் திரும்பி 'சாப்பாடு இருக்கா' என்று குரல் கொடுத்துவிட்டு, பதில் வருவதற்குள் விருந்தாளிக்குத் தட்டு வைக்கிற வீட்டுக்காரனை என்ன சொல்வீர்கள்? இவரைத் தலைமைப் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள்.

வெளியிடுவதற்கு முன்பே நான் சொன்னேன். 'பதிலை வாங்கவே இல்லையே' என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதினேன். 'எப்பவாவது வர்ற கேஸ், பின்னாடி பாத்துக்கலாம்' என்று பதில் போட்டு, என் குறிப்பைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

டிரைவரின் பெயரைத் தேடினேன். ப்ரொசீஜர் அன்று பதில் சொல்லியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை காலாவதி, ஒதுக்க மாட்டேன். சரியான பதில். பழைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒருவரை மெஷினில் மாட்டினால், தொற்று இருந்தால் அடுத்தவருக்கும் போகும். அந்தப் பதில் சின்னவளின் திரைக்கு வந்திருந்தால் அவள் டிரைவரைப் பக்கத்து அறை லேபுக்கு அனுப்பி, ரத்தம் எடுக்க வைத்து, அன்றைக்கே நாற்காலியைப் போட்டிருப்பாள். இவ்வளவு சின்ன விஷயம்!

வேகத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார். நாற்காலியை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"நல்லதாப் போச்சு, நீங்களே வந்தீங்க. புதன்கிழமை விசாரணைக்கு நீங்களும் வாங்க. அந்தப் பேருக்கு டேட்டாபேஸ்ல பதிவு இல்லைங்கறதைக் காட்டுங்க. அது போதும்."

"பதிவு ஏன் இல்லைன்னு சொல்ல வேண்டாமா?"

"அவங்க கேட்டது இருக்கா இல்லையான்னுதான். கேக்காததுக்கெல்லாம் நாம ஏன் பதில் சொல்லணும்?"

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."

"யூசர் டிரெய்னிங் இஷ்யூன்னு எழுதிடலாம். நாமளே ஒரு நாள் போய் ஃப்ரீயா டிரெய்னிங் குடுப்போம். கோடை அடுத்த ரிலீஸ்ல சத்தமில்லாம சரி பண்ணிடலாம்." சிரித்தார். "யாருக்கும் நஷ்டம் இல்ல."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இங்கே அதைவிட மோசம். மேடை கோணல் என்பதற்கு என்னையே சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார். நான் எழுதிய ப்ரொசீஜர் நியாயமாகச் சொன்ன 'மாட்டேன்' என்ற பதிலை இவருடைய கோடு விழுங்கிவிட்டது. அதனால் பதிவு இல்லாமல் போனதை நான் என் கையாலேயே காட்டி, என் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் கயிறு மாட்ட வேண்டுமாம்! அவள் என் ஓரகத்தி என்று நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். சொன்னால் என்னைக் கழற்றிவிட்டு, சொன்னதைச் சொல்லும் ஒரு ஆளை அழைத்துப் போவார். 'சரி, வரேன்' என்று மட்டும் சொன்னேன். அவர் நிம்மதியானார். கழுவுற மீனில் நழுவுற மீன் அவர். நானும் கொஞ்சம் நழுவிப் பார்த்தேன்.

சாயங்காலம் மாடிக்குப் போய்ச் சின்னவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்தினாள்.

"அப்ப உள்ள இருக்கறது மாட்டேன்னு சொல்லிருக்கு. எனக்குச் சரின்னு காட்டிருக்கு."

"ஆமா."

"நடுவுல யாரு?"

"எங்க ஆளுங்க."

"அவங்க கேக்காம விட்டதுக்கு நான் கொலகாரியா?" கையில் இருந்த சட்டையைச் சுருட்டிக் கட்டிலில் வீசினாள். "நீங்க அங்க வந்து இதைச் சொல்லுவீங்களா? சொன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆனா ஆகட்டும். நீ வா."

புதன்கிழமை டைரக்டர் அறையில் நாங்கள் ஐந்து பேர். டைரக்டர், தலைமை நர்ஸ், வேகம், நான், சுவரோரம் ஒரு ஸ்டூலில் சின்னவள். நாற்காலி காலியாக இருந்தும் அவளுக்கு ஸ்டூல்தான். நானும் அவளும் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி இருந்தோம். பல வாரங்களாகப் பேசாமல் இருந்து பழகியிருந்ததால் அது கஷ்டமாக இல்லை.

வேகம் முதலில் பேசினார். அமைப்பு நன்றாக இயங்குகிறது, அந்த நாளில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை, அந்த நோயாளி பெயரில் ஒதுக்கீடு எதுவும் செய்யப்படவில்லை என்றார். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

"எங்க டேட்டாபேஸ் மேடம் உறுதிப்படுத்துவாங்க" என்று என் பக்கம் கை காட்டினார்.

"பதிவு இல்லைங்கறது உண்மைதான் சார்" என்றேன் டைரக்டரிடம்.

"அவ்வளவுதானே?" டைரக்டர் சின்னவளைப் பார்த்தார். "இப்ப என்னம்மா சொல்ற?"

"நான் அழுத்தினேன் சார். டிக் வந்துச்சு."

"திரும்பத் திரும்ப அதையே சொல்லாத!"

"சார்" என்று நான் குறுக்கே புகுந்தேன். "ஒரே ஒரு உதவி. உங்க கம்ப்யூட்டர்ல ஒரு சீட்டு நீங்களே போட்டுப் பாருங்க. புதுசா வர்றவங்க பழகறதுக்குன்னு ஒரு பொய்ப்பேர் நோயாளி வெச்சிருக்கீங்க இல்ல, அந்தப் பேருக்கு. நாளைக்கு, எந்த நாற்காலின்னாலும் சரி."

வேகம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். உண்மையாகவே மிதித்தார். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

டைரக்டருக்கு எரிச்சல். ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயரைத் தேர்ந்தெடுத்து, நாற்காலியைத் தேர்ந்தெடுத்து, அழுத்தினார். திரையில் பச்சை டிக் வந்தது. "ம், போட்டாச்சு. இதுல என்ன?"

"சிஸ்டர், நாளைய பட்டியலைப் பாருங்க."

தலைமை நர்ஸ் தன் டேப்லெட்டில் தேடினார். மேலே போனார், கீழே போனார். "அந்தப் பேரு இல்லையே."

"இன்னொரு தடவை பாருங்க" என்றார் டைரக்டர்.

"இல்ல சார். நாற்காலி காலின்னுதான் காட்டுது."

"அதெப்படி? நான் அழுத்தினேனே! டிக் வந்துச்சே!"

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். வாய் திறந்தபடி நின்றது. சின்னவள் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அல்லது சிரித்திருப்பேன்.

"அந்தப் பொய்ப்பேருக்கு ரத்தப் பரிசோதனைத் தேதி பழசு" என்றேன். "டிரைவர் ஐயாவுக்கும் அப்படித்தான். ஒதுக்க மாட்டேன், காரணம் இதுன்னு டேட்டாபேஸ் பதில் குடுத்துடுச்சு. எங்க அப்ளிகேஷன் அந்தப் பதிலைக் கேக்கறதில்ல. கேக்காமலே டிக் போட்டுடுது. நீங்க போட்டாலும் இதுதான், இவங்க போட்டாலும் இதுதான். தப்பு எங்களோடது."

வேகம் தொண்டையைச் செருமினார். "எப்பவாவது வர்ற கேஸ் சார் இது. ரொம்ப அபூர்வம்."

"அபூர்வமா?" தலைமை நர்ஸ் டேப்லெட்டை மேசையில் வைத்தார். "மூச்சு முட்டினவருக்கு அது ஒரே கேஸ்தான்."

அதன் பிறகு வேகம் மளமளவென்று பேசினார். உடனடித் திருத்தம், இன்றைக்கே, ஒரே நாளில். டைரக்டர் அவரைத் திட்டினார். ஆனால் அறைக்குள், தணிந்த குரலில், சார் போட்டுத் திட்டினார். பெரியவர்களைப் பெரியவர்கள் திட்டும் விதமே வேறு. பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார்.

"சரிம்மா. சாஃப்ட்வேர் பிரச்சினைன்னு தெரிஞ்சுபோச்சு. மனசுல வெச்சுக்காத. நாளையிலேர்ந்து வேலைக்கு வந்துடு."

நான் மூச்சை விட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். சின்னவள் எழுந்து நின்றாள்.

"வரேன் சார். அதுக்கு முன்னாடி நீங்க வெளிய வந்து சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"என்மேல தப்பு இல்லன்னு. அன்னைக்குக் கூடத்துல எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க? இன்னைக்கும் அங்கேயே சொல்லுங்க. இந்த ரூம்ல சொன்னா எனக்கு எப்படிப் பத்தும்?"

டைரக்டர் முகம் சிவந்தது. "நோயாளிங்க இருக்கற இடத்துல இதெல்லாம் எதுக்கும்மா? நோட்டீஸ் போர்டுல ஒரு சுற்றறிக்கை ஒட்டச் சொல்றேன்."

"நான் ஃபோனை நோண்டினேன்னு நீங்க நோட்டீஸ் போர்டுலயா ஒட்டினீங்க?"

எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போலிருந்தது. கொடியில் என் புடவையைத் தள்ளிவிட்டு என்னோடு சண்டை போட்ட அதே வாய், அதே திமிர்! ஜென்மத்துக்கும் அது குறையாமல் இருக்கட்டும்.

தலைமை நர்ஸ் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். டைரக்டருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

நடைபாதையில் வேகம் என்னை ஓரமாக ஒதுக்கினார். "கம்பெனியைக் காட்டிக் குடுத்துட்டீங்க."

"கம்பெனி என்ன செஞ்சுச்சுன்னு காட்டினேன்" என்றேன். "வேலையை விட்டுத் தூக்கறதா இருந்தா தூக்குங்க. ஆனா காரணத்தை எழுதிக் குடுங்க. யூசர் டிரெய்னிங்னு எழுதாதீங்க." அவர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கூடம் நிறைந்திருந்தது. டைரக்டர் நடுவில் போய் நின்று, "ஒரு தொழில்நுட்பக் காரணத்தால சின்னத் தடங்கல். இப்ப சரியாயிடுச்சு" என்றார். திரும்பிப் பார்த்தார். சின்னவள் வழியை விட்டு நகரவில்லை.

"அது இல்ல சார்" என்றாள்.

அவர் மறுபடி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "டிரைவர் ஐயாவுக்குச் சீட்டு போகாததுக்கு இந்தப் பொண்ணு காரணம் இல்ல. இவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க. நான்தான் விசாரிக்காம பேசிட்டேன்." சொன்னார். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வந்தது, ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

சின்னவள் அதற்கு நன்றி சொல்லவில்லை. நேராகப் போய்த் தன் மேசையில் உட்கார்ந்தாள். நாளையிலிருந்து என்று அவர் சொன்னதை அவள் பொருட்படுத்தவில்லை.

டிரைவரின் மனைவி கூடத்தில்தான் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகப் போகிறவருக்கு நேரம் கேட்க வந்திருக்கிறாள். மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அன்று அவள் விட்ட சாபத்தை அந்தக் கூடமே கேட்டிருந்தது. பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அவருக்கு ஒரு சீட்டு வேணும்மா" என்றாள் கடைசியில்.

"முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணணுங்க. நேரா லேபுக்குக் கூட்டிட்டு வாங்க, நான் சொல்லி வெக்கிறேன்." சின்னவள் பெயரைத் தட்டினாள், நாளைத் தட்டினாள், அழுத்தினாள். பச்சை டிக் வந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளே நர்ஸுக்கு ஃபோன் போட்டாள்.

"சிஸ்டர், டிரைவர் ஐயா பேரு பட்டியல்ல வந்திருக்கா?... இல்லையா? அப்ப ஒரு நாற்காலியை அவருக்குன்னு கையால எழுதி வெச்சுக்குங்க, டெஸ்ட் முடிஞ்சதும் ஏத்திக்கலாம். எழுதிட்டீங்களா?... எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

காதில் ஃபோனை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் டிரைவரின் மனைவியும் காத்திருந்தாள். பதில் வந்து முடியும் வரைக்கும் சின்னவள் அவளிடம் தலையை ஆட்டவில்லை.